கண் திறக்காத மயில் காசு

ஒரு ஊர்ல ஒரு மயில் இருந்துச்சு. அதுக்குக் கண்ணு கிடையாது. காட்டு மயில் இல்லடா, காசு மயில். தங்கக் காசுல ஒரு பக்கம் ராணியோட மயில், மறுபக்கம் ராஜாவோட யானை. ம் கொட்டு, அப்போதான் கதை நகரும்.

அந்தக் காசை அடிக்கிறவன் பேரு கொம்பையன். கீழ யானை அச்சு, மேல மயில் அச்சு, நடுவுல தட்டையா ஒரு தங்க வில்லை. சுத்தியலால ‘டொக்’னு ஒரே போடு, காசு விழுந்துடும்.

அப்புறம், அந்த ராஜா இருக்காரே, அவருக்கு யானை மேல கொள்ளை ஆசை. பட்டறைக்கு வரும்போதெல்லாம் யானைக்குத் தொப்பை பத்தலை, தொப்பை பத்தலைம்பாரு. இவனும் யானை அச்சை இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுவான். தோண்டத் தோண்ட யானை கொழுகொழுன்னு காசுல எழும்பி நிக்கும். ராஜா தன் தொப்பையைத் தடவிக்கிட்டே அரண்மனைக்குப் போவாரு.

ஒருநாள் ராணி புதுக் காசைக் கையில எடுத்துப் பார்த்தா. மயிலுக்குக் கண்ணே இல்லை. ராஜாவுக்கு வந்துச்சே கோபம். கொம்பையன்தான் கண்ணைத் தேய்ச்சுத் தங்கத்தைத் திருடிட்டான்னு குதிச்சாரு. 

அப்போ ராணி விரல் நுனியால அந்த இடத்தைத் தடவிப் பார்த்துட்டுச் சொன்னா: “தேய்ச்சிருந்தா வழுவழுன்னு இருக்கும். பக்கத்துல இருக்கிற கொண்டையும் மழுங்கியிருக்கும். இங்க சொரசொரன்னு இருக்கு, கொண்டை முள்ளு மாதிரி குத்துது. கண்ணு போகலைங்க. வரவே இல்லை.”

திருட்டுப் பட்டம் போச்சு. ஆனா ராஜா விடலையே. அப்போ இவனுக்கு அடிக்கத் தெரியலை, பொழுது சாயறதுக்குள்ள மயிலுக்குக் கண்ணு வரணும், இல்லைன்னா பொண்டாட்டி பிள்ளையோட ஊரை விட்டுப் போயிடணும்னுட்டாரு.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் கொம்பையன் பெரிய சுத்தியலை எடுத்தான். ‘டமார்’. காசோட ஓரம் அப்பளம் மாதிரி வெடிச்சுப் போச்சு. கண்ணு வரலை. அப்புறம் ரெண்டு தரம் தட்டிப் பார்ப்போம்னு ‘டக், டக்’. நடுவுல வில்லை நகர்ந்து மயிலுக்கு ரெண்டு மூக்கு. கண்ணு வரலை. அப்புறம் மயில் அச்சுல கண்ணை இன்னும் ஆழமாத் தோண்டிட்டு ‘டொக்’. ஊஹூம், மொட்டை.

அவன் சம்சாரம் செவத்தி மூட்டை கட்டிக்கிட்டே கேட்டா, “அம்மிக்கல்லைத் தூக்கிக்கவா, விட்டுடவா?”

அவன் காசை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ஆட்காட்டி விரல், கண்ணு இருக்க வேண்டிய இடத்துல. பின்னாடி கட்டைவிரல் எதுல முட்டுச்சு தெரியுமா? யானைத் தொப்பையில. நேர் பின்னாடி. மேல ஏறிக் கண்ணை நிரப்ப வேண்டிய தங்கமெல்லாம் கீழ யானை அச்சுல தொப்பைக்குத் தோண்டின பள்ளத்துலயே இறங்கிடுது.

“அம்மி இங்கயே இருக்கட்டும்”னான்.

பொழுது சாஞ்சுது. ராஜாவும் ராணியும் வந்தாங்க. தொப்பை கேட்டவரே ராஜாதானே, அவர்கிட்ட எப்படிச் சொல்றது? கொம்பையன் காசை நீட்டிக்கிட்டுச் சொன்னான்: “மகாராஜா, கண்ணை உங்க யானைதான் தின்னுருச்சு.” விரலால பிடிச்சுக் காட்டினான்.

 ராணி காசுல இருந்த தொப்பையைப் பார்த்தா, ராஜாவைப் பார்த்தா, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

“யானையைப் பட்டினி போடு”ன்னாரு ராஜா, மெதுவா.

மூலையில பழைய ஒல்லி யானை அச்சு ஒண்ணு கிடந்துச்சு. அதை வச்சு ‘டொக்’. மயில் கண்ணைத் தொறந்துச்சு. ஆழமாத் தோண்டின கண்ணு இல்லையா, கொஞ்சம் பெருசு. ராஜாவையே முறைச்சுப் பார்த்துச்சு. அன்னையிலிருந்து அவரு எந்தக் காசை வச்சாலும் யானைப் பக்கம் மேல வர்ற மாதிரிதான் வைப்பாரு.

ம் சொல்லலையா? சரி. மயில் கண்ணைத் தொறந்தாச்சு, நீ மூடிக்கோ. கதை அவ்வளவுதான்.