நாரை கால் மாற்றுவதற்குள்

கருவேலங்குளத்துக் கரையில் விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளும் சேர்ந்து வாழ்ந்தன. அங்கே ஒரு பழக்கம். வேட்டையாடுவது பெண் சிங்கம். அந்த வேட்டையைப் பற்றிச் சபையில் கர்ஜிப்பது ஆண் சிங்கம். முட்டையிடுவது கோழி, கொண்டையை ஆட்டிக் கூவுவது சேவல்.

ஒரு நாள் பெண்களுக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே நமக்குன்னு ஒரு கூட்டம்! செஞ்சவளே வந்து சொல்லட்டும்!" என்று முடிவு செய்தார்கள். கூடு கட்டுகிறவள், வலை பின்னுகிறவள், புற்று எழுப்புகிறவள் எல்லோரும் வருஷா வருஷம் ஆடி பிறப்பதற்கு முன் குளக்கரையில் கூடினார்கள். கூட்டம் முடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. இந்த ஒரு விதிதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது.

பேச ஆசைப்பட்டவர்கள் அதிகம். இடமோ கொஞ்சம். ஆகவே பேசுகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நாரையிடம் விட்டார்கள். நாரை தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்பாள். பேச விரும்புகிறவள் எதிரே வந்து, தான் மேடையில் என்ன பேசப்போகிறாள் என்று சொல்ல வேண்டும். நாரை கால் மாற்றினால் நேரம் முடிந்தது. கெஞ்சினாலும் அழுதாலும் மாறிய கால் மாறியதுதான்.

குளத்து மதகில் வலை கட்டியிருந்த சிலந்திக்கு அந்த மேடைமேல் உயிர். எல்லோரும் அவளை "ஒட்டடைக்காரி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறையாவது அத்தனை பேர் எதிரிலும் நின்று, "இது நான் செஞ்சது" என்று சொல்லிவிட வேண்டும் அவளுக்கு. போன வருஷம் கேட்டாள், கிடைக்கவில்லை. இந்த வருஷம் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். அதையும் அன்று பொழுது சாய்வதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

சிலந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டுக் காலும் எட்டுப் பக்கம் இழுத்தன. நேரே மைனாவிடம் ஓடினாள். மைனா ஊருக்குள் கல்யாண மண்டபத்துக் கூரையில் குடியிருந்தவள். மைக்கில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பெரிய பெரிய வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

"மைனா, என்ன சொன்னா நாரையக்கா மயங்குவாங்க?"

"இதென்ன பிரமாதம்! இப்படிச் சொல்லு. அகில வனமும் வியக்கும் அதிநவீன வலை! புதுமை! புரட்சி! பிரம்மாண்டம்!"

"அடேங்கப்பா! என் வலையையா சொல்றே?"

"உன் வலையைத்தாண்டி! தைரியமா போ!"

சிலந்தி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற தேனீ, நாரையின் எதிரே போய்த் தொண்டையைச் செருமினாள்.

"அகில வனமும் வியக்கும் அதிநவீன தேன்கூடு! புதுமை! புரட்சி! பிரம்மாண்டம்!"

நாரை கால் மாற்றினாள். அடுத்து கரையான் வந்தாள்.

"அகில வனமும் வியக்கும் அதிநவீன புற்று! புதுமை! புரட்சி..."

நாரை மறுபடியும் கால் மாற்றினாள். அடுத்தது சிலந்தி. அவளிடமும் வேறு சரக்கு இல்லையே! "அகில வனமும்..." என்று வாயைத் திறந்தாள்.

"போதும்மா!" என்றாள் நாரை. "காலையிலேருந்து வியந்து வியந்து எனக்குக் கழுத்து வலிக்குது. அடுத்தவங்க வாங்க!"

சிலந்தி மைனாவைத் திட்டிக்கொண்டே கரையில் மேலும் கீழும் ஓடினாள். 'ஒண்ணு சொன்னா பத்தாது. எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் கொட்டிடணும்! அப்பத்தான் நான் யாருன்னு தெரியும்!' என்று நினைத்தாள். மறுபடி வரிசையில் நின்றாள்.

"அக்கா, நூல் எடுக்கறது எப்படி, ஒட்டறது எப்படி, ஒட்டாம நடக்கறது எப்படி, ஈயோட குணம், கொசுவோட குணம், பனித்துளி குடிக்கறது, மழை வர்றதை முன்னாடியே கண்டுபிடிக்கறது, அப்புறம்..."

கால் மாறியது.

"ஏம்மா, இது பேச்சா, சந்தையா? எந்தக் கடையில நிக்கறதுன்னே தெரியலையே!" என்றாள் நாரை.

சிலந்தி மதகுக்குத் திரும்பினாள். நூலில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். வெயில் பனை உச்சிக்குப் போய்விட்டது. இந்த வருஷமும் போச்சு என்று நினைக்கும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது தையல்சிட்டு பறந்து வந்தாள். இலையை மடித்துச் சிலந்தி நூலால் தைத்துக் கூடு கட்டுகிறவள் அவள்.

"அக்கா, அறுந்துபோன நூல் இருந்தா குடேன்."

"எடுத்துட்டுப் போ. என்கிட்ட பேச்சுக் குடுக்காதே. நாரையக்காகிட்ட என்ன சொல்றதுன்னு எனக்கு மண்டை காயுது!"

தையல்சிட்டு நூலை அலகில் எடுத்துக் காலடியில் வைத்தாள். ஆனால் போகவில்லை. வலையின் கீழே ஒரு குட்டிக் கல் தொங்குவதையே பார்த்தாள்.

"இது என்னக்கா கல்லு?"

"அதுவா? சும்மா. காத்துக்காகக் கட்டினது."

"போன ஆடியில கரையில இருந்த கூடெல்லாம் போச்சு. உன் வலை மட்டும் நின்னுச்சு. இதனாலயா?"

"ஆமா. ஆனா இதைப் போய் மேடையில சொல்ல முடியுமா? இந்தக் கல்லைக் கட்டறதுக்கு முன்னாடி என் வலை எத்தனை தடவை கிழிஞ்சுதுன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்! வலை பின்றவளுக்கு அதைவிட அவமானம் உண்டா?"

"எனக்குச் சிரிப்பு வராதுக்கா" என்றாள் தையல்சிட்டு. "காத்துல போன அந்தக் கூட்டுலதான் என் குஞ்சுங்க இருந்துச்சுங்க."

சிலந்தியின் எட்டுக் காலும் நின்றுவிட்டன. அன்று முழுவதும் ஓடியவள் இப்போதுதான் ஓர் இடத்தில் நின்றாள். நான் எப்படித் தெரிவேன் என்று ஆயிரம் தடவை யோசித்தேனே, கேட்க வருகிறவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"நாரையக்காகிட்ட போகணும்! இப்பவே!"

"என் முதுகுல ஏறிக்கோ!"

இருவரும் போய்ச் சேர்ந்தபோது நாரை சிறகை உதறிக்கொண்டிருந்தாள்.

"நேரம் ஆச்சும்மா."

"பொழுது இன்னும் இறங்கலையே அக்கா! ஒரே ஒரு கால்!"

நாரை பெருமூச்சு விட்டு ஒரு காலைத் தூக்கினாள்.

"ஆடிக்காத்துல என் வலை கிழிஞ்சுது" என்று ஆரம்பித்தாள் சிலந்தி. "இறுக்கிக் கட்டினேன். இன்னும் சீக்கிரமா கிழிஞ்சுது. தளர்த்திக் கட்டினேன். சுருட்டி எறிஞ்சுது. பட்டினி கிடந்தேன். கடைசியில கீழ் நுனியைக் கட்டாம விட்டு, அதுல ஒரு குட்டிக் கல்லைத் தொங்க விட்டேன். காத்து தள்ளினா கல்லு மேல போகுது. காத்து விட்டா தானா கீழ வருது. நூல் அறுந்து போகலை. கூடு தொங்க விடற யாரும் இதைச் செய்யலாம். எவ்வளவு பெரிய கல்லு, எங்க கட்டணும்னு நான் மேடையில காட்டறேன். கேட்டவங்க அன்னிக்கே வீட்டுக்குப் போய்க் கட்டிக்கலாம்."

சிலந்தி முடித்துவிட்டாள். நாரை கால் மாற்றவில்லை. கொழுத்த கெண்டை ஒன்று அவள் காலை உரசிக்கொண்டு போனது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"எத்தனை தடவை கிழிஞ்சுதுன்னும் சொல்லுவியா?"

"சொல்லுவேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

"சிரிக்கட்டுமே, தூங்காம இருப்பாங்க! இடம் உனக்குத்தான்!" என்ற நாரை, காலைக் கீழே வைத்துவிட்டு அலறினாள். "ஐயோ, கால் மரத்துப் போச்சே!"

கூட்டத்தில் சிலந்தி, "என் வலை கிழிஞ்சுது" என்றதும் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள். கல்லைக் காட்டியதும் சிரிப்பு அடங்கியது. "எனக்கு எவ்வளவு பெரிய கல்லு வேணும்?" என்று ஒருத்தி கேட்டாள். உடனே ஆளாளுக்குக் கேட்டார்கள். யாரும் "ஒட்டடைக்காரி" என்று கூப்பிடவில்லை. மைனா மட்டும், "அகில வனமும் வியக்கும் அதிநவீன கல்!" என்று மூலையில் யாருக்கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்தது. காற்று பேயாட்டம் போட்டது. தையல்சிட்டின் இலைக்கூடு ஆடியது, சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. அடியில் ஒரு குட்டிக் கல் ஏறி ஏறி இறங்கியது. உள்ளே புதுக் குஞ்சுகள் பசி பசி என்று கத்தின. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததோ என்னவோ, அந்தக் கூடு பறக்கவில்லை.

மேடை கேட்கிறவர் தம் பெருமையைச் சொல்லிக் கேட்கக் கூடாது. பேச்சைக் கேட்க வருகிறவர் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவார் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.