காட்டெருமை சொன்ன மைலேஜ்

விரால் மீன் பேச்சி தண்ணிக்கு மேல தலைய நீட்டி ஆமைய மொறைச்சுது.

"செம்பாயி அக்கா! இன்னும் அஞ்சு நாள்ல இந்தக் குளம் சேறாயிடும். நான் சேத்துக்குள்ள பொதைஞ்சு கெடந்தாவது பொழைச்சுக்குவேன். என் குஞ்சுங்க என்ன பண்ணும்? மலைச்சுனைக்கு எப்பக் கொண்டு போற?"

"நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்டி! அதான் வண்டி இருக்குல்ல!"ன்னு ஆமை சொல்லுச்சு.

அந்த வண்டி எப்படி வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடுறேன். இல்லாட்டி ஆமை மேல பரிதாபம் வந்துடும். அது இப்பவே வரக் கூடாது.

அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு பங்க். வண்டி வச்சிருக்கிற மிருகத்துக்கு வாரம் ஒரு கேன் ஊத்துவாங்க. பெட்ரோலோ டீசலோ, ஒரு கேன்தான். கெஞ்சினாலும் கெடைக்காது, கொம்ப ஆட்டினாலும் கெடைக்காது. அதனால காட்டுல ரெண்டு பேரு சந்திச்சா, "சாப்டியா?"ன்னு கேக்க மாட்டாங்க. "மைலேஜ் எவ்ளோ?"ன்னுதான் கேப்பாங்க.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆமை வண்டி வாங்கணும்னு கெளம்புச்சு. தாமரைக் கெழங்க மலைச்சுனைக்கு ஏத்திக்கிட்டுப் போகணும். போக அஞ்சு கிலோமீட்டர், வர அஞ்சு. ரோடா அது? பத்தடிக்கு ஒரு பள்ளம், பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு காடைக் கூட்டம். பிரேக்குல இருந்து கால எடுக்கவே முடியாது.

குளக்கரையில எல்லாரையும் கூட்டி வச்சு யோசனை கேட்டுச்சு ஆமை. புள்ளிமான் மரிக்கொழுந்துதான் மொதல்ல குதிச்சு வந்துச்சு.

"பெட்ரோல் வாங்குங்க, பெரியம்மா! என் வண்டியப் பாருங்க. சாவியத் திருப்பினா சத்தமே இல்லாம கெளம்பும். செலவும் வைக்காது, தகராறும் பண்ணாது!"

"நீ மாசத்துக்கு ரெண்டு தடவ அத்தை வீட்டுக்குப் போற. உனக்குக் கட்டை வண்டி குடுத்தாலும் போதும்!"ன்னு விரால் தண்ணிக்குள்ள இருந்தே போட்டுத் தாக்குச்சு.

அப்ப வந்துச்சு காட்டெருமை மொக்கராசு. வாரா வாரம் எரநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உப்புப்பாறைக்குப் போயி, மூட்டை மூட்டையா உப்பு ஏத்திக்கிட்டு வர்ற ஆளு. நேர் ரோடு. குறுக்க ஒரு கோழி கூட வராது. பத்து வருசமா டீசல் வண்டிதான் ஓட்டுச்சு. ஆனா உப்புப்பாறையில எவனோ ஒரு காட்டுப்பன்னி, "இன்னுமா டீசல் ஓட்டுற?"ன்னு சிரிச்சிடுச்சாம். அவ்ளோதான்! அடுத்த வாரமே பளபளன்னு ஒரு ஹைபிரிட் எறக்கிடுச்சு. இஞ்சினும் இருக்கு, பேட்டரியும் இருக்கு. பழைய டீசல் வீட்டு வாசல்ல நின்னுச்சு.

"ஆமையம்மா! மைலேஜ்னா டீசல்தான். என் பழைய வண்டி இருபத்தஞ்சு குடுத்துச்சு. கண்ணு மாதிரி வச்சிருந்தேன். உங்களுக்காகத்தான் தர்றேன்!"

"புதுசு எவ்ளோ குடுக்குதுண்ணே?"

"முப்பது!"

சொல்றப்ப அது கண்ணு வேற எங்கயோ பாத்துச்சு. யாரும் கவனிக்கல. ஆமை வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு.

விரால் மட்டும் கேட்டுச்சு: "அண்ணே, இருபத்தஞ்சு எந்த ரோட்ல குடுத்துச்சு? உங்க உப்பு ரோட்லயா, எங்க குளத்து ரோட்லயா?"

"மீனுக்கு எதுக்கும்மா ரோட்டுப் பேச்சு? நீ என்ன வண்டியா ஓட்டப் போற?"

கரையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. நல்ல கேள்வி கேட்டா சிரிச்சு அமுக்குறது எல்லா ஊர்லயும் உள்ள வழக்கம்தானே! ரெண்டு வருசத்துக் கெழங்குக்குப் பேசி முடிச்சு, ஆமை டீசல் வண்டிய வாங்கிடுச்சு. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, முன்னாடி மொளகாயும் கட்டியாச்சு.

ஒரு மாசம் ஓடுச்சு. அப்புறம் ஸ்டியரிங்குக்கு முன்னாடி மஞ்சளா ஒரு லைட்டு எரிஞ்சுது. விவரம் உள்ளவங்க என்ன பண்ணுவாங்க? மெக்கானிக் கிட்ட போவாங்க. நம்ம ஆமை என்ன பண்ணுச்சு? "யாரோ கண்ணு வச்சிட்டாங்க!"ன்னு இன்னொரு எலுமிச்சம்பழத்த நசுக்குச்சு. அப்பவும் லைட்டு அணையல. தாமரை எலையக் கிழிச்சு லைட்டு மேல ஒட்டிடுச்சு. லைட்டு தெரியல. பிரச்சனை தீந்துச்சாம்!

இந்த வண்டிய நம்பித்தான், குளம் சேறாயிடும்னு கத்தின மறுநாள் காலையில விரால் தன் குஞ்சுங்கள அனுப்புச்சு. மொத்தம் முப்பத்தாறு பானை. ஒரு தடவைக்கு மூணு பானைதான் வண்டியில ஏறும்.

மொத தடவையே பாதி ஏத்தத்துல வண்டி மூச்சு விட முடியாம முக்குச்சு. ஆமை மிதிமிதின்னு மிதிச்சுது. வண்டி நவுரல. வெயில் ஏறுச்சு. பானைத் தண்ணி சுட ஆரம்பிச்சுது. மெக்கானிக் கீரி சடையன் ஓடி வந்து பானைங்கள நெழலுக்கு எறக்குறதுக்குள்ள ஒரு பானைக் குஞ்சு மொத்தமும் வயித்தக் காட்டி மெதந்துச்சு.

கீரி வண்டிக்கு அடியில போயிப் பாத்துட்டு, கரி பூசின மூஞ்சியோட வெளிய வந்துச்சு.

"டீசல் புகையில கரி வரும் பெரியம்மா. அதப் புடிச்சு வைக்க உள்ள ஒரு டப்பா இருக்கு. வண்டி நல்லா சூடேறி, நிக்காம அரை மணி நேரம் ஓடினா அந்தக் கரி தானா எரிஞ்சு போயிடும். நீங்க அஞ்சு கிலோமீட்டரு, அதுலயும் நின்னு நின்னு! எங்க சூடேறும்? டப்பா அடைச்சுக்கிச்சு. லைட்டு எரிஞ்சிருக்குமே?"

ஆமை ஓட்டுக்குள்ள தலைய இழுத்துக்கிச்சு. "எரிஞ்சுது."

"அப்புறம்?"

"எலை ஒட்டினேன்."

கீரி போயி அந்த எலையப் பிச்சு எறிஞ்சுது.

மான் பதறிப் போயி தன் பெட்ரோல் வண்டியக் குடுத்துச்சு. நல்ல மனசு, இல்லைங்கல. ஆனா அந்த ரோட்ல நின்னு நின்னு பானை சொமந்து ஏறினதுல, அத்தை வீட்டுக்குப் போனது போக கேன்ல இருந்த மிச்சம் நாலு தடவைக்கே காலி! இனி அடுத்த வாரம்தான் அதுக்குக் கேன் கெடைக்கும்.

"அக்கா!"ன்னு விரால் கரைக்கு வந்து கத்துச்சு. "ஒரு பானை போச்சு. அதுக்கு நான் அப்புறம் அழுதுக்கிறேன். இன்னும் இருபத்து மூணு பானை இருக்கு. இப்ப என்ன வழி சொல்லு!"

அந்த நேரம் பாத்து காட்டெருமை தண்ணி குடிக்க வந்துச்சு.

நடந்து வந்துச்சு!

விரால் அதத் தலையில இருந்து வாலு வரைக்கும் பாத்துச்சு. "என்னண்ணே, முப்பது மைலேஜ் வண்டி எங்க?"

"வாக்கிங்மா. ஒடம்புக்கு நல்லதுன்னு..."

"முதுகுல என்னண்ணே வெள்ளையா? உப்பா?"

"வேர்வை!"

"வேர்வைக்கு மூட்டைத் தழும்பு விழுமா? அண்ணே, மூட்டைய நீங்களே சொமந்துக்கிட்டு வந்திருக்கீங்க! பாதி வழியில கேன் தீந்து போச்சா?"

"ஏய் மீனே! வாய அடக்கு!"

"அடக்க மாட்டேன்! வாய அடக்கிக்கிட்டு இருந்தா எனக்கு மிச்சக் குஞ்சும் போயிடும். உங்க கௌரவத்துக்கு என் புள்ளைங்க சாவணுமா? ஒரே ஒரு தடவ உண்மையச் சொல்லுங்க. அது எவ்ளோ குடுக்குது?"

காட்டெருமை சுத்திப் பாத்துச்சு. மான் பாக்குது, கீரி பாக்குது, காடைங்க கூட வரிசையா நின்னு வேடிக்கை பாக்குது. அப்புறம் அதோட பார்வை, மான் கரைக்குத் திருப்பிக் கொண்டு வந்து வச்சிருந்த அந்த ஒத்தப் பானை மேல போயி நின்னுச்சு. கொம்பு மெதுவா கீழ எறங்குச்சு.

"பதினாலு. மூட்டை ஏத்தினா அதுவும் இல்ல. மேட்டுல சின்ன இஞ்சின் கதறுது. பேட்டரி பத்து நிமிசத்துல படுத்துடுது."

கீரி துள்ளிக் குதிச்சுது. "படுக்காம என்ன பண்ணும்! பிரேக் புடிக்கிறப்பதான் அந்தப் பேட்டரி ஏறும். உங்க ரோட்ல பிரேக்கே கெடையாது. அண்ணே, ஆமையோட ரோட்ல பிரேக்கத் தவிர வேற எதுவுமே கெடையாது! வண்டிய மாத்திக்குங்க!"

"நான் குடுத்த வண்டிய நானே திருப்பி வாங்குறதா? உப்புப்பாறையில சிரிப்பாங்களே!"

"உப்பு மூட்டையோட நடந்து போறப்ப சிரிக்க மாட்டாங்களா?"ன்னு விரால் கேட்டுச்சு.

காட்டெருமை சாவியத் தூக்கிப் போட்டுச்சு.

மறுநாள் ஆமைக்கும் காட்டெருமைக்கும் கேன் நாள். வழியில நின்னு போன ஹைபிரிட்டுக்குக் கேன் ஊத்தி ஓட்டிக்கிட்டு வந்தாங்க. அதுல பானைங்க ஏறுச்சு. ஒவ்வொரு பள்ளத்துலயும் காடைக் கூட்டத்துலயும் ஆமை பிரேக்க அமுக்க, பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு. காலி வண்டியா மலையில இருந்து எறங்குறப்ப இஞ்சின் தூங்கியே போச்சு. எட்டு தடவையில இருபத்து மூணு பானையும் சுனைக்குப் போயிச் சேந்துச்சு. கேன்ல இன்னும் மிச்சம் இருந்துச்சு. கடைசித் தடவை மூணாவது பானைக்குப் பதிலா ஒரு பெரிய அண்டா. அதுல விரால் ஏறி உக்காந்துக்கிட்டு, "மெதுவா போ! மெதுவா போ!"ன்னு வழியெல்லாம் ஆமை உயிர வாங்குச்சு.

அந்தப் பக்கம் கீரி டப்பாவக் கழட்டி, கொஞ்சம் கரியத் தட்டிவிட்டு டீசல் வண்டியக் கெளப்பிக் குடுத்துச்சு. காட்டெருமை அத உப்பு ரோட்ல நிக்காம ஓட்டுச்சு. ஒரு மணி நேரம் போனதும் மஞ்ச லைட்டு அணைஞ்சுது. மூட்டையோட திரும்பி வர்றப்ப வண்டி முக்கவும் இல்ல, மொனகவும் இல்ல. காட்டுப்பன்னி சிரிச்சுது. காட்டெருமை கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு வந்துடுச்சு.

அடுத்தவன் ரோட்ல பறக்குற வண்டி உன் ரோட்ல படுத்துக்கும். அதனால அவன் பெருமையக் கேட்டு வாங்காத, நீ போற வழியப் பாத்து வாங்கு.