மலைப்பாம்பு எடுத்த இடுப்பளவு

அருவிக்கரைக் காட்டில் ஒரு பலாமரம். அதன் நடுக்கிளையில் ஒரு மலைப்பாம்பு படுத்திருந்தது. அதன் வயிறு பானை மாதிரிப் புடைத்திருந்தது. இரண்டு நாளுக்கு முன்பு வரை அந்தப் புடைப்பு ஒரு சருகுமானாக ஆற்றங்கரையில் துள்ளிக்கொண்டிருந்தது. இந்த விஷயம் பாம்புக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். பூவாலிக்குத் தெரியாது. அதுதான் பயமே!

பூவாலி ஒரு மலையணில். குட்டியும் இல்லை, பெரியவளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள வயசு. செம்பட்டை முதுகு, உடம்பைவிட நீளமான வால். கொஞ்ச நாளாக உடம்பும் பெருத்துத்தான் போயிருந்தது. காரணம், அருவிக்குக் குளிக்க வருகிற மனிதர்கள். 'விலங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்' என்று போர்டு இருக்கும் இடத்திலேயே நின்று போடுவார்கள். நேந்திரங்காய் சிப்ஸ், பன், அல்வாத் துண்டு! மரம் மரமாகத் தாவிக் காய் தேடுகிற வேலை மிச்சம். பூவாலி அந்த போர்டு மேலேயே உட்கார்ந்து கோடை முழுக்கத் தின்றாள்.

இந்தக் காட்டு அணில்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாரல் பிடித்துவிட்டால் இக்கரையில் காயும் கனியும் தீர்ந்துபோகும். அதனால் முதல் சாரலன்றே எல்லோரும் அக்கரைக்குப் போய்விடுவார்கள். ஆற்றின் மேல் நீண்டிருக்கும் நாவல் கிளையின் நுனியிலிருந்து எதிர்க்கரை மருதமரத்துக்கு ஒரே தாவல்! கீழே பாறையும் சுழலும். தாவ முடியாதவர் இக்கரையில் தனியாக நிற்க வேண்டியதுதான். அப்படி நின்ற எவரையும் அடுத்த கோடையில் யாரும் பார்த்ததில்லை.

சாரலுக்கு நாற்பது நாள் இருக்கும்போது ஒத்திகை நடந்தது. பூவாலி நுனிக்குப் போனதும் கிளை வளைந்தது. பின்னங்கால் வழுக்கியது. முன்னங்காலால் தொங்கினாள். கீழே சுழல் வாயைத் திறந்து காத்திருந்தது. கூடப்பிறந்த கருவாலன்தான் அவளை இழுத்து மேலே ஏற்றினான். ஏற்றிய கையோடு சும்மா இருந்தானா?

"ஏட்டி, சிப்ஸ் மூட்டை! உன்னைப் பரிசல்லதான் ஏத்திக் கொண்டு போகணும்!"

கூட்டமே சிரித்தது. பூவாலியும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். பிறகு ஆளில்லாத ஒரு கிளைக்குப் போய் விம்மி விம்மி அழுதாள். அந்தக் கிளை பலாமரத்துக்கு நேர் எதிரே இருந்தது.

"ஏன் கண்ணு அழுதுக்கிட்டிருக்கே?"

பூவாலி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பாம்பு! பாம்பு இருக்கிற மரத்துப் பக்கமே போகக் கூடாது என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஓடுவதற்குக் காலைத் தூக்கினாள்.

"ஓடணும்னா ஓடு. என் வயித்தைப் பாரு, நான் எங்க துரத்த? நானும் உன்னை மாதிரிதான். உடம்பைக் குறைக்கணும்னு படுத்துக் கிடக்கேன்."

தூக்கிய கால் நின்றுவிட்டது. இந்தக் காட்டில் தன்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள்!

"எப்படிக் குறைப்பீங்க, மாமா?"

"சாப்பிடவே மாட்டேன்! மாசத்துக்கு ஒரு வேளை, அவ்வளவுதான். தினம் வந்து என் இடுப்பைப் பாரு, உனக்கே தெரியும்."

மறுநாள் வந்து பார்த்தாள். புடைப்பு கொஞ்சம் வடிந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் வடிந்தது. கண்ணெதிரே குறைகிறதே! உள்ளே சருகுமான் கரைந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

"மாமா, நானும் உங்களை மாதிரியே இருக்கப் போறேன்!"

"இரு கண்ணு. பத்தே நாள்தான்! பழம், இலை, கொட்டை, எதுவும் வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதே, சொன்னா கெடுத்துருவாங்க. தினம் காலையில என்கிட்ட வா. இடுப்பளவு எடுத்துச் சொல்றேன்."

"எதை வச்சு அளப்பீங்க?"

"என் வால் எதுக்கு இருக்கு?"

வால் நுனி மெல்ல நீண்டு வந்தது. அவள் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த வால் சில்லென்று இருந்தது. பூவாலியின் முதுகு முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. பிறகு வால் தானாக விலகியது.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல! நாளைக்கு வா."

பாம்பு அவளை அன்றே ஏன் விழுங்கவில்லை? இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றில் இடமில்லை! தெம்பாக இருக்கிற மலையணிலைப் பிடிப்பதும் லேசான காரியம் இல்லை. ஒரே தாவலில் அடுத்த மரத்துக்குப் போய்விடும். பிடிபட்டாலும் உளிப் பல்லால் கடித்துக் குதறிவிடும். இந்த இரையோ தானாகவே இளைத்து, தானாகவே வந்து, தானாகவே சுருளுக்குள் உட்காருகிறது. பாம்புக்கு என்ன அவசரம்?

மூன்றாம் நாள் பூவாலிக்குத் தலை சுற்றியது.

"கொழுப்பு கரையுது, அதான்," என்றது பாம்பு.

ஐந்தாம் நாள் கைகால் நடுங்கியது. உச்சி வெயிலிலும் குளிரெடுத்தது.

"அப்படித்தான் இருக்கும்," என்றது பாம்பு.

ஏழாம் நாள் அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏட்டி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா," என்றாள் பூவாலி. அம்மா நம்பவில்லை. கூட்டில் அத்திப்பழம் வைத்துவிட்டுப் போனாள். அம்மா தலை மறைந்ததும் பூவாலி அதைக் கீழே தள்ளிவிட்டாள்.

இளைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் தாவல் எங்கே போயிற்று? முன்பு விளையாட்டாகத் தாவிய கிளைகள் எல்லாம் இப்போது எட்டாத தூரத்தில் தெரிந்தன. பாதி மரம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அவளுக்கே உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பாம்பின் வயிறு அடியோடு தட்டையாகிவிட்டது.

"மாமா! உங்களுக்கு முடிஞ்சிருச்சே!"

"ஆமா கண்ணு, முடிஞ்சிருச்சு." பாம்பு கண் கொட்டாமல் அவளைப் பார்த்தது. பிளவுபட்ட நாக்கு ஒரு தடவை வெளியே வந்து போயிற்று. "நாளைக்குக் கடைசி அளவு. சீக்கிரமா வந்துரு!"

பத்தாம் நாள் காலையில் கருவாலன் தங்கையின் மரத்தடிக்கு வந்தான். அம்மா வைத்த அத்திப்பழமெல்லாம் அங்கே எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஒன்றில்கூடப் பல் பட்ட தடம் இல்லை. நிமிர்ந்து பார்த்தான். தூரத்தில் பூவாலி பலாமரத்தில் தட்டுத் தடுமாறி ஏறிக்கொண்டிருந்தாள். மேலே இலைகளுக்கு நடுவில் ஒரு தலை அசைந்தது.

கத்தினால் பாம்பு உடனே பாய்ந்து பிடித்துவிடும், அவளால் ஓட முடியாது. கருவாலன் கத்தவில்லை. சத்தமில்லாமல் பலாமரத்தின் பின்பக்கமாக ஓடி ஏறினான். பாம்பின் தலைக்கு நேர் மேலே குடம் அளவுக்கு ஒரு பலாப்பழம் தொங்கியது. அதன் காம்பைக் கொறிக்கத் தொடங்கினான்.

கீழே வால் பூவாலியைச் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று!

"மாமா, இன்னிக்கு ஏன் மூணு சுத்து?"

"கடைசி அளவு இல்லையா? சரியா எடுக்கணும்."

அவள் மூச்சை வெளியே விட்டாள். வால் இறுகியது. மறுபடி உள்ளே இழுக்க இடமில்லை. அப்போதுதான், அந்த ஒரு நொடியில்தான், பூவாலிக்கு எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? கடிக்கப் பார்த்தாள். தாடையில் வலு இல்லை. உதைக்கப் பார்த்தாள். கால் எழும்பவில்லை.

"மாமா," என்றாள். குரல் நூலாக வந்தது. "மாசத்துக்கு ஒரு வேளைன்னு சொன்னீங்களே... அது எப்போ?"

"இன்னிக்குத்தான் கண்ணு!"

பூவாலியின் கண் மேலே செருகியது. அங்கே கருவாலன் தெரிந்தான். வாயெல்லாம் பலாப் பால் ஒட்டியிருக்க, அவன் காம்பைக் கொறித்துக்கொண்டிருந்தான். பாதிக் காம்புதான் அறுந்திருந்தது. 'பேசிக்கிட்டே இரு' என்று கண்ணால் சொன்னான்.

பயத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பேசினாள்.

"கடைசி... அளவை... இன்னும் சொல்லலையே?"

பாம்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொள்ள அதற்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது.

"சொல்றேனே! முதல் நாள் ஒரு சுத்துக்கே உன் இடுப்பு திமிறுச்சு. இன்னிக்கு மூணு சுத்து தாராளமா வருது!"

"அப்போ... நான் ஜெயிச்சுட்டேனா?"

"ஜெயிச்சது நான்! ஓடாம ஆடாம இரை வாயில வந்து விழணும்னா அதுக்கு ஒரு மூளை வே..."

சொல்லி முடிக்கவில்லை. தொம்! பலாப்பழம் முள்ளும் கனமுமாகப் பாம்பின் தலையில் இறங்கியது. சுருள் அவிழ்ந்தது. பாம்பு மரத்திலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. பூவாலியும் விழுந்தாள். கிளையைப் பிடிக்க அவளுக்குப் பலமில்லை. நல்லவேளை, கீழே கொடிப்பின்னல் தாங்கிக்கொண்டது. கருவாலன் இறங்கி வந்து, அவளைக் கவ்வி இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு ஏறினான்.

கூட்டில் அம்மா அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். கருவாலனும் அழுதான். "மூட்டைன்னு சொன்னது நான்தானே, நான்தானே," என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"சாரலுக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்தானே இருக்கு?" என்றாள் பூவாலி.

"இருபத்தஞ்சு நாள் இருக்கு!" என்றான் கருவாலன்.

அன்று அவள் பாதி அத்திப்பழம் தின்றாள். மறுநாள் ஒன்று முழுசாக. அப்புறம் வேளாவேளைக்கு இலைக்கொழுந்து, கொட்டை, பழம் எல்லாம் தின்றாள். பசி அடங்கியதும் நிறுத்தினாள். போர்டு பக்கம் மட்டும் போகவில்லை. தினமும் கருவாலனோடு தாவினாள். முதலில் அடுத்த கிளை. பிறகு அதற்கு அடுத்தது. கால் நோகும் வரை தாவிவிட்டு நன்றாகத் தூங்கினாள்.

முதல் வாரம் உடம்பு குறையவே இல்லை. போன சதையில் பாதி திரும்பிக்கூட வந்தது! பூவாலி நடுங்கிப்போனாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடாம இருக்கேனே?"

"ஒரு நாள்தான் பத்து நாளாச்சு, மறந்துட்டியா?" என்று கருவாலன் அவள் முன்னால் நாவல் பழத்தை வைத்தான். அவள் தின்னும் வரை நகரவில்லை. இரண்டாம் வாரம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வாரம் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். ஆனால் கால் கெட்டிப்பட்டது. வால் மறுபடி மினுமினுத்தது.

இருபத்தைந்தாம் நாள் சாரல் பிடித்தது. ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி ஓடியது. ஒவ்வொருவராக நாவல் கிளையிலிருந்து தாவினார்கள். அம்மா போனாள். கருவாலன் போனான். கடைசியாகப் பூவாலி கிளையில் கால் வைத்தாள்.

பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. திரும்பினாள். நாவல் மரத்தின் அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு பாம்பு ஏறி வந்துகொண்டிருந்தது. தலையில் முள் குத்திய தழும்பு. பசியில் வற்றிய வயிறு.

"கண்ணு! நீ ஒண்ணும் இளைக்கவே இல்லையே! அன்னிக்கு எவ்வளவு ஒல்லியா இருந்தே! அப்படி இருந்திருந்தா இந்தக் கிளை தாங்கும். இப்போ முறிஞ்சிரும். இரு, இரு, மாமா அளந்து சொல்றேன்!"

பாம்பு சொன்னதில் பாதி உண்மை. இன்றைக்கு அவள் அன்றைக்கு மாதிரி ஒல்லி இல்லை. கிளை நிஜமாகவே வளைகிறது. கீழே வெள்ளம் இரைகிறது. அக்கரையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கருவாலனின் கத்தல் வெள்ளச் சத்தத்தில் கேட்கவே இல்லை.

"அன்னிக்கு ஒல்லியாத்தான் இருந்தேன், மாமா," என்றாள் பூவாலி. "ஆனா உங்க வாலை உதைக்கக்கூட என் காலுல தெம்பு இல்ல!"

பாம்பு பாய்ந்தது. பூவாலி நுனிக்கு ஓடினாள். கிளை வளைந்தது, முறியவில்லை. வளைந்த கிளையை இரண்டு பின்னங்காலாலும் ஓங்கி உந்தினாள். பாம்பின் வாயில் ஈரக் காற்றுதான் அகப்பட்டது. ஆற்றின் மேல், சாரலுக்கு நடுவே, ஒரு சிவந்த உடம்பு வாலை விரித்துப் பறந்தது. மருதமரத்துக் கிளையில் அழகாக ஒன்றும் இறங்கவில்லை, வயிறு மோதி விழுந்தாள். விழுந்தாலும் நாலு காலும் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டன.

பட்டினி கிடந்து பத்து நாளில் இளைப்பவர் எடையோடு பலத்தையும் சேர்த்து இழக்கிறார். நல்லதைத் தின்று, உடம்பை அசைத்து, மெல்ல மெல்லக் குறைப்பவரே கரை சேர்கிறார்.