முதலையை மறைத்த மயில்

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் ஓட்டப் பந்தயம் நடக்கும் காடு ஒன்று இருந்தது. அங்கிருந்த மைதானத்தைப் போல் பரந்த, மெத்தென்ற புல்தரை வேறெங்கும் இல்லை. அதில் ஓடவும், ஓடுவதைப் பார்க்கவும் அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்து மிருகங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன.

பந்தயத்தை நடத்தியது தோகையன் என்னும் மயில். அதற்குப் பெருமைதான் உயிர்.

அந்த ஆண்டு மைதானத்தை அடுத்த குளத்துக்குள் ஒரு முதலை வந்து சேர்ந்தது. ஆட்காட்டிக் குருவி அதைப் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயா, குளத்தில் முதலை! வருகிறவர்களிடம் சொல்லிவிடலாமா?"

"உஷ்!" என்றது மயில். "சொன்னால் ஒருவராவது வருவார்களா? காட்டின் பெயர் என்ன ஆவது? நீ வாயைத் திறக்கவே கூடாது."

குருவி பயந்து அடங்கிவிட்டது.

பந்தய நாள். மின்னன் என்ற இளம் புள்ளிமான் எல்லோரையும் முந்தி வந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. மூச்சிரைக்க, தாகத்தோடு மின்னன் நேரே குளத்துக்குப் போய்க் குனிந்தது.

தண்ணீர் பிளந்தது. முதலை அதன் முன்னங்காலைக் கவ்வி இழுத்தது!

ஆரவாரம் அப்படியே நின்றது. காட்டெருமைகள் பாய்ந்து சென்று முதலையை முட்டித் தள்ளின. மின்னன் பிழைத்தது. ஆனால் அந்தக் கால் நொறுங்கிப் போயிருந்தது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று அலறியது தாய்மான். பிறகு மயிலை நிமிர்ந்து பார்த்தது. "குளத்தில் முதலை இருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தெரியும் அம்மா," என்று விம்மியது குருவி. "சொல்லக் கூடாது என்றார். நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்."

கூட்டம் முகம் சுளித்துக் கிளம்பத் தொடங்கியது. தெரிந்துமா!

"போகாதீர்கள், பரிசளிப்பு இருக்கிறது!" என்று கத்தியது மயில். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மின்னனை நடுவில் தாங்கிக்கொண்டு எல்லோரும் வெளியேறினார்கள்.

மறு ஆண்டு மயில் குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டது. எல்லாக் காடுகளுக்கும் கிளிகளைத் தூது அனுப்பியது. கிளிகள் தனியாகத் திரும்பி வந்தன.

"வேலி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று சொன்னீர்களா?"

"சொன்னோம், ஐயா."

"அதற்கு என்ன சொன்னார்கள்?"

"'அதை யார் சொல்லி அனுப்பினார்?' என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னோம். எழுந்து போய்விட்டார்கள்."

நீதி: ஆபத்தை மறைத்து விருந்தினரை அழைத்தவன், பின்பு உண்மையையே சொன்னாலும் நம்புவார் இல்லை.