ஒன்பது இடங்களில் மணல்

செண்பகராமன் செவ்வாய்க்கிழமை காலை பேராசிரியையின் அறைக்குள் நுழைந்தபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், மீனவங்க பொய் சொல்றாங்க. பொய் சொல்றவங்களை வெச்சுக்கிட்டு எப்படி ஆய்வு பண்றது?"

பேராசிரியை கோமதிநாயகி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "முதல்ல உக்காருங்க சார்" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு நாற்பத்தொன்பது. மீன்வளத் துறையில் பதினாறு வருடம் அதிகாரியாக ஜீப்பில் சுற்றிய மனிதர், வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் மனைவிக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை. குரு சீடரை 'சார்' என்பார், சீடர் குருவை 'மேடம்' என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைச்சல் இல்லை.

அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. மணல்குடியில் முப்பத்தெட்டு நாட்டுப்படகுகள். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் அங்கே போய், மீன் எந்த இடத்தில் பட்டது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதியிருந்தார். அவர்களும் முகம் சுளிக்காமல் சொன்னார்கள். கடலடியில் பாறை படர்ந்த இடத்தை அந்தக் கரையில் 'பார்' என்பார்கள். மீன் கூடுவது அங்கேதான். அப்படிப் பன்னிரண்டு பார்கள் அவர் வரைபடத்தில் ஏறியிருந்தன. பல்கலைக்கழகத்தின் கூட்டாய்வு மையம், கடலடியை அளக்கும் கருவியோடு தன் ஆய்வுப் படகைப் பத்து நாளைக்கு அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தது. எட்டே நாளில் பன்னிரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஒன்பது இடத்துல மணல் மேடம். வெறும் மணல். கூழாங்கல்கூட இல்ல."

"மீதி மூணு?"

"அது ஊருக்கே தெரிஞ்ச இடம். அலை உடையறது கரையிலருந்தே தெரியும்."

அக்டோபரில் அவருடைய கடைசி நீட்டிப்பு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஒன்பது மணல் திட்டுகளை வைத்துக்கொண்டு எந்த ஆய்வேட்டை எழுதுவது? வேலையும் போய், பட்டமும் போய், வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

"சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காங்க மேடம். சோறு போட்டு, மீன் வறுத்து வெச்சு, பொய் சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

பேராசிரியை டீயைக் குடித்து முடித்தார்.

"படகு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?"

"இருக்கு."

"நாளைக்கு நானும் வரேன்."

கோமதிநாயகிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பதினைந்து வருடமாகக் கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், படகில் ஏறினால் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்க மாட்டார். மறுநாளும் அப்படித்தான் ஏறினார். ஏறியதும் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் படகோட்டியிடம் கொடுத்தார். எங்கே போகிறோம் என்று செண்பகராமன் கேட்டதற்கு, "போனதும் சொல்றேன், இப்ப வாயைத் திறந்தா வாந்தி வரும்" என்றார்.

ஒன்றரை மணி நேரத்தில் படகு நின்றது. செண்பகராமன் கருவியை இயக்கித் திரையைப் பார்த்தார். கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"பாத்தீங்களா? இங்கயும் மணல். இது யார் சொன்ன இடம் மேடம்? மணல்குடி மிக்கேலா, கஸ்பாரா?"

"நீங்க சொன்ன இடம் சார்."

"நானா?"

"போன மார்ச்ல. ஜெசிமாவுக்கு."

ஜெசிமா விலங்கியல் துறையில் ஆய்வு செய்கிற பெண். கடல்புல்லை நம்பிப் பிழைக்கும் உயிரினங்கள்தான் அவள் பாடம். செண்பகராமன் ஒரு பெரிய கடல்புல் திட்டைப் பார்த்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இடம் எது என்று கேட்டு வந்தாள். முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. முழுசாகச் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் கடைசி எண்களை வெட்டிவிட்டு எழுதிக் கொடுத்தார். கடலில் அது ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடும். அவள் நான்கு நாள் இதே இடத்தில் மூழ்கி மூழ்கித் தேடியிருக்கிறாள். இடம் பார்க்கத் தனக்குத்தான் தெரியவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு, அந்தச் சீட்டைப் பேராசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

செண்பகராமனுக்குக் காது மடல் சுட்டது.

"அது பொய்யில்ல மேடம். என் கட்டுரை வர்றதுக்கு முன்னாடி அவ எழுதிட்டா என் கதி? நம்ம துறையில எல்லாரும் செய்யறதுதானே."

"மணல்குடியிலயும் எல்லாரும் செய்யறதுதான்."

படகு ஆடிக்கொண்டு நின்றது. செண்பகராமன் திரையையே பார்த்தார். திரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

"நாளைக்கு எங்க போகலாம் மேடம்?"

"நாளைக்கு உங்க நாள் சார். என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தோடு கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் செண்பகராமன் ஜெசிமாவை அழைத்துக்கொண்டு போனார். படகுத்துறையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் படகில் ஏறி உட்கார்ந்தாள். துறைமுகம் தாண்டியதும், "நாலு நாள் சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முழு எண்களோடு போய் நின்ற இடத்தில் தண்ணீருக்கு அடியில் பச்சை தெரிந்தது. அவள் மன்னித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டாள்.

மையத்தில் சுவர் அகலத்துக்கு வரைபடம் அச்சடிக்கிற இயந்திரம் ஒன்று உண்டு. பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவுக்கு வரவேற்புத் தட்டி அடிக்கத்தான் அது பயன்பட்டது. செண்பகராமன் வெள்ளிக்கிழமை முழுவதும் அதன் பக்கத்தில் நின்று, பத்து நாளும் கருவி கண்ட எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்தார். தன் ஆய்வுக்குத் தேவையில்லை என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தவற்றையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணல்குடியில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்து வந்தவர்கள் ஏலக்கூடத்தில் கூடியிருந்தார்கள். அவர் தாளை மீன் கொட்டுகிற சிமெண்டுத் தரையில் விரித்தார். நான்கு மூலையிலும் நான்கு பேர் செருப்பைக் கழற்றி வைத்தார்கள்.

"நீங்க சொன்ன பன்னிரண்டு இடத்துல ஒன்பது மணல்" என்றார். "சண்டை போட வரல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இதுல இருக்கு. பாத்துக்குங்க. தாள் உங்களுக்குத்தான்."

பிச்சை மிக்கேல் தலையைச் சொறிந்தார். அறுபது வயது, ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"ஒன்பதா ஆபீசர் சார்? எட்டுல்லா இருக்கணும். இந்தக் கஸ்பாரு நெசத்தத்தான் சொன்னேம்னு சத்தியம் பண்ணுனான்."

"நெசமாத்தான் சொன்னேன்" என்றார் கஸ்பார்.

"நெசந்தான் சார். அவனுக்கு இடந்தான் தெரியாது."

கூடம் அதிரச் சிரித்தார்கள். கஸ்பாரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மிக்கேல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்ன ஒரு ஆபீசர் வந்தாரு. கேட்டாரு, நம்பிச் சொன்னோம். மறுவாரம் அந்த இடத்துல பதினெட்டு வெளியூர் விசைப்படகு வந்து நின்னுது. பாரையே வழிச்சு அள்ளிட்டுப் போயிட்டானுவ. அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் மணலத்தான் காட்டுதது."

அந்த ஆபீசர் தன் துறைக்காரராகத்தான் இருப்பார் என்பது செண்பகராமனுக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்தில் இதை அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை.

அதற்குள் நான்கைந்து பேர் தாளின் மேல் குந்திவிட்டார்கள். ஒருவர் தெற்கு மூலையில் விரலை வைத்தார். "இந்தக் கறுப்பு என்ன?"

"ஏதோ இரும்பு. மூழ்கின கப்பலா இருக்கும். எனக்கு உபயோகமில்லைன்னு விட்டிருந்தேன்."

"உபயோகமில்லையா!" மிக்கேல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "மூணு வலைய்யா! மூணு வலை எனக்கு இதுல கிழிஞ்சிருக்கு. என்னத்துல மாட்டுதுன்னு எட்டு வருசமாத் தெரியாம முழிக்கோம்."

அதன்பிறகு செண்பகராமன் பேச வேண்டியிருக்கவில்லை. அவர்களே பேசினார்கள், அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடினார்கள். ஒருவர் அவருடைய பையிலிருந்து பேனாவை உருவி, ஆழம் போட்டிருந்த இடத்தில் அடித்துத் திருத்தினார். மதியம் கிளம்பும்போது மிக்கேல் கூடவே நடந்து வந்தார்.

"உங்க பெரிய படகு வேண்டாம் சார். அந்த ஆழம் பாக்குத பெட்டிய மட்டும் கழட்டிக் கொண்டாங்க. எங்க படகுல வச்சு நாங்களே கூட்டிட்டுப் போறோம். பார் எப்படி இருக்கு, எந்த மாசம் என்ன மீனு, எல்லாம் எழுதுங்க. எந்த இடம்னு மட்டும் அச்சுல வரப்படாது. அச்சுக்குப் போறதுக்கு முன்ன நாங்களும் உக்காந்து பாப்போம். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் செண்பகராமன். அக்டோபரைப் பற்றிய பயம் அந்த நிமிடமே இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை மையத்தின் விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து குருவிடம் கொண்டுபோனார். கருவியை வெளியே எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'ஆய்வாளர்கள்' என்ற கட்டத்தில் தன் பெயர், ஜெசிமாவின் பெயர், பேராசிரியையின் பெயர் என்று எழுதியிருந்தார். 'பயனாளிகள்' என்ற கட்டத்தில், 'மணல்குடி மீனவர்கள், முப்பத்தெட்டுப் பேர்.'

கோமதிநாயகி படித்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"மிக்கேலோட முழுப் பேரு என்ன சார்?"

"பிச்சை மிக்கேல் ஃபர்னாண்டோ."

ஆய்வாளர்கள் என்ற கட்டத்தில் எழுதினார். "அடுத்தது?"

"கஸ்பார் மச்சாது." எழுதினார்.

செண்பகராமன் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். முப்பத்தெட்டும் அவருக்கு மனப்பாடம். கட்டம் நிரம்பி, பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று.

"மையத்துல இதை ஒத்துக்குவாங்களா மேடம்?"

"கூட்டாய்வுன்னு பேரு வெச்சது அவங்கதானே. ஒத்துக்குவாங்க."

"என் பேரு?"

பேராசிரியை படிவத்தைத் திருப்பி, மீதமிருந்த கட்டத்தில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் தள்ளினார்.

"பயனாளிகள்ல முதல் பேரு உங்களுது சார். ஜெசிமாவும் நானும் உங்களுக்கு அடுத்து."