கணுக்கால் முனை

காலிலிருந்து எடுக்கும் சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அவை ரத்தத்தை மேலே ஏறவிடும், கீழே இறங்கவிடாது. அதனால் மூளைக்கு ரத்தம் போக மாற்றுப்பாதை போடும்போது சிரையைத் தலைகீழாகத் திருப்பி, கணுக்கால் முனையைக் கழுத்திலும் மறுமுனையை மூளையிலும் தைப்பார்கள். எடுத்த கையோடு கணுக்கால் முனையில் ஒரு கறுப்பு நூலைக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் எது எந்த முனை என்று குழம்பிவிடும்.

குற்றாலிங்கம் கட்டவில்லை. இருபது வருஷம் இதய அறுவை செய்துவிட்டு, ஐம்பத்துநாலு வயதில் மூளை அறுவை நிபுணர் மெஹருன்னிசாவிடம் இதைக் கற்க வந்தவர். பார்த்தாலே தெரியும் என்று நினைத்துவிட்டார். முனைகள் மாறியிருப்பதை மெஹருன்னிசா கண்டு, பிரித்துத் தைப்பதற்குள் மூளைக்கு ரத்தமில்லாமல் நாற்பது நிமிஷம் போய்விட்டது. துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ரொசாரியோவுக்குப் பேச்சும் வலது கையும் போயின.

நடந்ததை மெஹருன்னிசா அன்றே குடும்பத்திடம் சொல்லிவிட்டார். குற்றாலிங்கம் அந்த வார்டுப் பக்கமே போகவில்லை. மூன்று வாரமாக கேன்டீனில் அவருக்கு எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது.

இன்று ரொசாரியோ வீட்டுக்குப் போகிறார்.

“பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்,” என்றார் மெஹருன்னிசா, அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து. “போய்ப் பார்க்கலையா, சார்?”

“என்னன்னு போய் நிக்க, மேடம்? அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா?”

“திருப்பிக்கலாம். டம்ளரைத் தூக்கி எறியலாம். இடது கை நல்லாத்தான் இருக்கு.”

குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

“உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?”

மெஹருன்னிசா கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார். வெகுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் எங்கோ குக்கர் விசில்.

“மெஹருன்னிசா பேசுறேன், அண்ணாச்சி. சாப்பிட்டாச்சா? இங்க இன்னும் மழையைக் காணோம்.”

மூச்சு. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

“யாரு மேடம்?”

“பதினோரு வருஷம் ஆச்சு. நான் வச்ச சிரை உள்ளே முறுக்கிக்கிச்சு. நான் கவனிக்கலை. அன்னைக்கே அவருக்குப் பேச்சு போயிடுச்சு. மாசம் ஒரு தடவை கூப்பிடுவேன்.”

“மன்னிச்சிட்டாரா?”

“கேட்டதில்லை.”

“அப்புறம் எதுக்குக் கூப்பிடுறீங்க?”

“அவர் எடுக்கிறாரே, சார்.”