பலகை அசையாத வீதி

முன்னொரு காலத்தில், போரெல்லாம் ஓய்ந்து, ராஜாவுக்குப் பொழுது போகாத ஒரு நாடு இருந்தது. எதிரி இல்லாத ராஜாவால் சொந்த ஊருக்குத்தான் ஆபத்து. அந்த ராஜா தம் பட்டாபிஷேக ஊர்வலத்தை அரண்மனைச் சுவரில் சித்திரமாக எழுதச் சொன்னார். ராஜவீதி முழுவதும், கடைகடையாக, சுவரில் வந்து நின்றது. தினமும் மாலையில் அதன் எதிரே உட்கார்ந்து பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

ஒருநாள் உப்பரிகையிலிருந்து உண்மையான வீதியைப் பார்த்தார். ஒரு வெற்றிலைக் கடைக்காரன் முகப்புக்குப் பச்சை வர்ணம் பூசியிருந்தான். ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உடனே ஓலை எழுதப்பட்டது: ‘ராஜவீதி சித்திரத்தில் உள்ளபடியே என்றும் இருக்க வேண்டும். நம் அனுமதி இல்லாமல் எந்தக் கடை முகப்பிலும் ஒரு பலகைகூட அசையக் கூடாது. அசைத்தவன் கடை பறிமுதல்.’

இதைக் கவனிக்கச் சபாரஞ்சிதர் என்பவர் வீதி அதிகாரியாக நியமிக்கப்பட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரிக்கு இவர் அண்ணன். ஆணை ஓலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அனுமதி கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டுவார். கேட்காதவர்களுக்கு அப்படி ஓர் ஆணை இருப்பதே தெரியாது.

எதற்கும் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று வந்தவள் உமையாள். சுக்கு, திப்பிலி, ஓமம் விற்கும் மருந்துக் கடைக்காரி. அந்தக் காலத்துக் கடைகளுக்குக் கதவு கிடையாது. மேலும் கீழும் பள்ளம் வெட்டிய கட்டைகளுக்குள் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகி அடைப்பார்கள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கும். காலையில் வரிசையாகக் கழற்றினால் கடை திறக்கும், இரவில் வரிசையாகச் சொருகினால் அடையும். உமையாள் கடையில் பதினொரு பலகைகள். பதினொன்றையும் கரையான் தின்று, பழைய சாயம் மட்டும் பலகை மாதிரி நின்றுகொண்டிருந்தது. தினமும் கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான் அவற்றைக் கழற்றிச் சொருகுவாள். எலியும் ஆடும் தாராளமாக வந்துபோயின. அவள் கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு.

அதிகாரி முதலில் அளவு கேட்டார். கொண்டுபோனாள். அக்கம்பக்கத்தார் சம்மதம் கேட்டார். கொண்டுபோனாள். பழைய பலகை எந்த மரம் என்று கேட்டார். கரையானைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அதையும் எப்படியோ விசாரித்துக் கொண்டுபோனாள். மூன்று மாதத்தில் நாற்பது நடை. கடைசியில் அவர் சொன்னார்: “புது முகப்பு அந்த இடத்தில் நிற்பதை என் கண்ணால் பார்த்து, சித்திரத்தோடு ஒத்துப்போனால்தான் அனுமதி தர முடியும். ஆனால் அனுமதி இல்லாமல் அதை நிறுத்தக் கூடாது.”

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். அதோடு விட்டாரா? “பத்து நாளில் ஐப்பசி மழை வரும். முகப்பு தெருவில் விழுந்தால் இடம் வேறொருவருக்குப் போகும்” என்றும் எச்சரித்தார். அந்த வேறொருவர் அவருடைய மைத்துனர். ஏற்கெனவே கயிற்றோடு வந்து இடத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த நாட்டின் விகடகவி பெயர் உலகளந்தான். நின்றால் மற்றவர் இடுப்புக்கு வருவார். பெயர் வைத்த தகப்பனாருக்கும் விகடம் தெரிந்திருக்க வேண்டும். தொண்டைக்கட்டுக்குத் திப்பிலி வாங்க வந்தவர், உமையாள் முகத்தைப் பார்த்து விசாரித்தார்.

“என்னத்தச் சொல்ல சாமி! நின்னாத்தான் எழுதித் தருவாராம், எழுதித் தந்தாத்தான் நிக்கணுமாம். ஒரு தூறல் விழுந்தா என் பொழைப்பே தெருவுல விழுந்துரும்” என்று அழுதாள்.

உலகளந்தானுக்கு அழுகையைக் கண்டால் ஆகாது. சிரிக்க வைத்தே பழகியவருக்கு அழுகிறவர் முன்னால் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “பலகையைச் செய்து வையம்மா. ஆசாரியைப் பின்சந்தில் வேலை செய்யச் சொல். கடைப்பக்கம் கொண்டு வராதே” என்று சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போனார்.

சபையில் விஷயத்தைச் சொன்னதும் ராஜா முகத்தைச் சுளித்தார். “ஆணை ஆணைதான் உலகளந்தாரே! ஓர் எழுத்தும் பிசகாமல் நடக்க வேண்டும்.”

சபாரஞ்சிதர் எழுந்தார். விகடகவிக்கு ராஜா பக்கத்தில் இருக்கை இருப்பது அவருக்குப் பல வருஷத்து வயிற்றெரிச்சல். “மகாராஜா, விகடகவிக்கு இவ்வளவு அக்கறை இருந்தால், ஆணையை மீறாமல் பத்து நாளுக்குள் புது முகப்பை நிறுத்திக் காட்டட்டும். இயலாவிட்டால் இந்த இருக்கையைக் காலி செய்யட்டும்.”

பொழுது போகாத ராஜாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? “சம்மதமா?” என்றார்.

“சம்மதம் மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். ஆணை பெட்டிக்குள் தூங்குகிறது. குடிகளுக்குத் தெரியாத ஆணையை அவர்கள் எப்படி மதிப்பார்கள்? தாங்கள் சொன்ன சொல் சொன்னபடியே வீதியில் பறையறைந்து அறிவிக்க வேண்டும்.”

சபாரஞ்சிதருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது. ஆணை பலமாக ஒலித்தால் விகடகவியின் கழுத்துக் கயிறு இறுகும் என்று நினைத்தார். அன்று மாலையே கடைகளை அடைக்கும் நேரத்தில், தாமே முன்னால் நின்று பறையறையச் செய்தார். “அனுமதி ஓலை இல்லாமல் எந்தக் கடை முகப்பிலும் ஒரு பலகைகூட அசையக் கூடாது! அசைத்தவன் கடை பறிமுதல்!” என்று தொண்டை கிழியக் கூவினார்.

கடைசிப் பலகையைச் சொருகிக்கொண்டிருந்த எண்ணெய்க் கடைக்காரர் திரும்பினார். “ஐயா, அப்போ காலையில கழட்டுறதுக்கும் ஓலை வேணுமா?”

“ஒரு பலகைகூட என்றால் ஒரு பலகைகூட!” என்றார் சபாரஞ்சிதர், நாளைக் காலையைப் பற்றி நினைக்காமலே.

விடிந்தது. ராஜவீதியில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. வெற்றிலை இல்லை, பூ இல்லை, எண்ணெய் இல்லை. கடைக்காரர்கள் அத்தனை பேரும் சபாரஞ்சிதர் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒரு கடைக்குப் பத்துப் பலகை, பன்னிரண்டு பலகை. ஒவ்வொரு பலகைக்கும் ஓர் ஓலை. அவர் எழுத்தாணி பிடித்து எழுதி எழுதி, ஐந்தாவது கடை முடிவதற்குள் கட்டைவிரல் வீங்கிப்போனது. முன்னால் நின்றவர்கள் அளவு ஓலையையும் அக்கம்பக்கத்தார் சம்மதத்தையும் நீட்டினார்கள். அவர் வகுத்த விதியாயிற்றே, அவரால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் அரண்மனையில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். முந்தின நாள் பன்னிரண்டு அதிரசம் சாப்பிட்டிருந்தார். அரண்மனை வைத்தியர் சுக்கும் ஓமமும் கேட்டார். உக்கிராணத்தில் இல்லை, உமையாள் கடையிலிருந்து அன்றாடம் வருவதுதான் வழக்கம். ஆள் ஓடினான், வெறுங்கையோடு திரும்பினான்.

“கடைக்காரியம்மா கடைக்கு முன்னாலதான் உக்காந்திருக்காங்க மகாராஜா. சாமான் உள்ளே இருக்குது, பலகையை அசைக்க ஓலை இருக்கான்னு கேக்குறாங்க.”

இன்னோர் ஆள் சபாரஞ்சிதரிடம் ஓடினான். உமையாளின் முறை இருநூற்றுப் பதினேழாவது என்று பதில் வந்தது. வயிற்றுவலிக்கு வரிசை தெரியுமா? ராஜா பல்லக்கில் ஏறினார். விகடகவியும் பின்னாலேயே நடந்தார்.

வீதி முனையில் ராஜா ஒரு கணம் வலியை மறந்தார். அடைத்த கடைகள், வெறிச்சென்ற தெரு. பட்டாபிஷேகத்துக்காக ஊரே கடையடைத்த அந்த நாள் அப்படியே கண்முன் நின்றது. “சித்திரமேதான்!” என்றார். மறுகணம் வயிறு இழுத்துப் பிடித்தது. “அம்மா, கடையைத் திற!”

உமையாள் எழுந்து கும்பிட்டாள். “தொறக்கிறேன் மகாராசா. ஆனா பலகையை அசைச்சா கடை பறிமுதலாமே. எனக்கு வேற வழியில்லீங்களே.”

“நானே அனுமதி தருகிறேன். பதினொன்றையும் கழற்று!” என்று ராஜா முத்திரை மோதிரத்தையே கழற்றி அவள் கையில் வைத்தார்.

அவசரத்தில் அவள் முதல் பலகையைப் பிடித்து இழுத்தாள். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டாவதும் உதிர்ந்தது. பதினொன்றாவதைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வைத்தியர் புழுதிக்குள் பாய்ந்து சுக்கும் ஓமமும் எடுத்து அங்கேயே கஷாயம் வைத்தார். ராஜா குடித்தார். சற்று நேரத்தில் வீதி முழுக்கக் கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டார். உயிர் திரும்பியது.

அதற்குள் வீங்கிய விரலோடு சபாரஞ்சிதர் ஓடிவந்து சேர்ந்தார். வெற்றிடத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “மகாராஜா, முகப்பு விழுந்துவிட்டது! விதிப்படி இடம் இனி இவளுக்கு இல்லை.”

உமையாள் மோதிரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உலகளந்தான் முன்னால் வந்தார்.

“விழவில்லை ஐயா. மகாராஜா அனுமதி தந்தார்கள், இந்த அம்மாள் கழற்றினாள். மோதிரம் அவள் கையில் இருக்கிறது. அது போகட்டும், தாங்கள் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே, ஆணை மீறப்படுவது தங்கள் கண்ணில் படவில்லையா?”

“யார் மீறுகிறார்கள்?” என்றார் ராஜா.

“இந்த ஓட்டைதான் மகாராஜா. சித்திரத்தில் இந்த இடத்தில் பதினொரு பலகைகள் இருக்கின்றன. வீதி சித்திரத்தில் உள்ளபடியே என்றும் இருக்க வேண்டும் என்பது தங்கள் ஆணை. கணத்துக்குக் கணம் அது மீறப்படுகிறது. பொறுப்பான அதிகாரியோ வேடிக்கை பார்க்கிறார்.”

“உடனே பலகையை வைத்து அடையுங்கள்!” என்று ராஜா கத்தினார்.

“பழைய பலகை பொடியாகிவிட்டதே.”

“புதுப் பலகையை வை! என் ஆணையைவிடப் பலகை பெரிதா?”

உலகளந்தான் பின்சந்துப் பக்கம் கை தட்டினார். ஆசாரி பதினொரு புதுப் பலகைகளோடு வந்தார். அதே அளவு, அதே சாயம். ஒன்று, இரண்டு என்று சொருகி முடிக்க அரை நாழிகைகூட ஆகவில்லை. விகடகவி சபாரஞ்சிதரைப் பணிவோடு பார்த்தார். “புது முகப்பு அதே இடத்தில் நிற்கிறது. தாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றீர்களாமே. பார்த்துக்கொள்ளலாம்.”

சபாரஞ்சிதர் மேலும் கீழும் பார்த்தார். அனுமதி ஓலையை எடுத்து எழுதத் தொடங்கி, வழக்கத்தை விடாமல், “விண்ணப்பித்தவர் பெயர்?” என்று கேட்டார்.

“மகாராஜா என்று எழுதுங்கள்” என்றார் உலகளந்தான்.

“நானா?” என்றார் ராஜா.

“தாங்கள்தானே மகாராஜா கடை வாசலில் நின்று பலகையைக் கழற்றச் சொல்லிக் கேட்டீர்கள்? இந்த அம்மாள் மூன்று மாதம் நாற்பது நடை நடந்து கேட்டாள், கிடைக்கவில்லை. தாங்கள் ஒரே நடை வந்தீர்கள், கிடைத்துவிட்டது. வயிற்றுவலி இரண்டு பேருக்கும்தான் இருந்தது.”

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு, கஷாயம் குடித்த வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே உமையாளைப் பார்த்து, “தப்பு என்னுடையதுதான் அம்மா” என்றார். ஆணை ஓலையைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, கஷாயம் வைத்த அடுப்பில் போடச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார். அது அவருக்கு முழங்காலைத் தொட்டது. சபாரஞ்சிதருக்கு யானைக் கொட்டடி மேற்பார்வை கிடைத்தது. யானை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

மறுநாள் காலையில் மழை கொட்டியது. உமையாள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவரையும் கேட்காமல், முதல் பலகையைக் கழற்றினாள்.